வெள்ளிக்கிழமை எண்ணெய்

அன்புள்ள மகனுக்கு,

போன திங்கட்கிழமை லிப்டுக்குள் எனக்குக் கிடைத்த மரியாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் தொடங்கிவிட்டதே என்று அலுமாரியின் அடியில் கிடந்த பழைய ஜக்கெற்றை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஆறாம் மாடியில் ஒரு தாயும் நாலு வயதுப் பெண்பிள்ளையும் ஏறினார்கள். கதவு மூடினதுதான் தாமதம், அந்தப் பிள்ளை மூக்கை உயர்த்தி இரண்டு தரம் இழுத்துவிட்டு, "அம்மா, இந்த அங்கிளிட்ட ரோல்ஸ் இருக்கு" என்றது. "சும்மா இரு பிள்ளை" என்று தாய் அதட்டினாள். ஆனால் அவளுடைய மூக்கும் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. பிள்ளை விடவில்லை. என் கையைப் பார்த்தது, பிறகு ஜக்கெற் பையைப் பார்த்தது. நான் என்ன செய்ய? இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு திறப்புக்கோர்வை, ஒரு பழைய பஸ் துண்டு, மூக்குத் துடைக்கிற லேஞ்சி. ஐம்பத்தாறு வயது மனிதன் பைகள் இரண்டும் ஆட்டுக்காது மாதிரித் தொங்க நிற்கிறான். ஒரு குழந்தை அவனை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. 

பொரித்த எண்ணெயில் ஓடின எங்கள் வானைப் பழைய இரும்புக்குப் போட்டு நாலு வருடம் ஆகப்போகிறது. ஜக்கெற்றில் இருந்த எண்ணெய் மணம் மட்டும் போகவில்லை. தோய்க்கவில்லையா என்று நீ கேட்பாய். தோய்க்கவில்லை. ஏன் என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கணக்கில் கோட்டை விட்டவன் நான். அதனால் எழுத்து அங்குமிங்கும் போகும். பொறுத்துக்கொள். நீயும் தமிழை எழுத்துக்கூட்டித்தானே வாசிப்பாய். நீ கூட்டுகிற வேகத்துக்கு நான் எழுதுகிற வேகம் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ வான்கூவருக்குப் போகிறாய். அங்கே ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, உனக்குக் கார் தேவையில்லை என்கிறாய். ஆனால் அதற்கு முதல் சட்பரியிலிருந்து வந்த வேலை எவ்வளவு நல்ல வேலை என்று எனக்குத் தெரியும். நீ படித்த படிப்புக்கு நேரான வேலை. கம்பனியே கார் தருகிறோம், இடம் இடமாகப் போய்ப் பார்க்கவேண்டும் என்றார்கள். நீ டெலிபோனில் அவர்களுக்குச் சொன்ன பதிலை நான் குசினியில் நின்று கேட்டேன். "சொறி, ஐ டோன்ட் ட்ரைவ்." வைத்துவிட்டு வந்து, "சோறு இருக்கோ அப்பா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். நாலு வருடமாக நீ ஸ்டியரிங்கில் கை வைக்கவில்லை. ஐஸில் ஓடப் பயம் என்று உன் நண்பர்கள் நினைக்கிறார்கள். உன் லைசென்ஸ் அட்டை அம்மாவின் மருந்துத் துண்டுகளோடு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்பதும் தெரியும். சாப்பாட்டு மேசையில் மூன்று தரம் கதையைத் தொடங்கினேன். மூன்று தரமும் "இன்னும் கொஞ்சம் குழம்பு விடு" என்று முடித்தேன். 

கதைக்க முடியாததை எழுதலாம், சரி. பத்திரிகைக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று உனக்குக் கோபம் வரும். அதுவும் கடைகளில் சும்மா கிடந்து, கருவாடு சுற்றிக்கொண்டு போகிற பத்திரிகைக்கு. காரணம் இருக்கிறது, வருகிறேன். கையால் எழுதினதை உன் பெட்டிக்குள் உடுப்புக்கு மேலே வைத்துவிடுவேன். நீதான் முதலில் வாசிப்பாய், பிறகுதான் மற்றவர்கள். பத்திரிகைக்காரர் என் பெயரைப் போடவா என்று கேட்டார். வேண்டாம், வாசிக்கிற சனம் மணத்திலேயே ஆளைக் கண்டுபிடிக்கும் என்றேன்.

எல்லாம் தொடங்கினது நான் கோப்பை கழுவின மீன்பொரியல் கடையில்தான். இரவு கடை மூடும்போது பொரித்த எண்ணெயைப் பின்பக்கம் பீப்பாய்க்குள் ஊற்றுவார்கள். தேன் நிறத்தில் ஓடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், ஏனென்றால் அந்த நாட்களில்தான் உன் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எழுதுவான். சண்டைக்காலம், பெற்றோல் வரத் தடை. மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள். மருந்துப் போத்தலில் நாலு துளி பெற்றோலை வைத்துக்கொண்டு, அதைப் பீச்சி எஞ்சினை எழுப்பி, எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுகிறார்கள். சமையல் எண்ணெயையும் கலக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அவர்கள் அங்கே துளித்துளியாகப் பிடிக்க, நான் இங்கே வாளி வாளியாக வெளியே ஊற்றிக்கொண்டு நின்றேன். ஆள் பைத்தியமாக அது காணும்.

பிறகு ரத்தினம் அண்ணை வந்து சேர்ந்தார். ஊரில் அந்தக் காலம் முழுக்க மண்ணெண்ணெயில் வான் ஓட்டினவர். இங்கே வந்து மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பீப்பாயைப் பற்றிச் சொன்னேன். மனிதர் பிட்டை வைத்துவிட்டார்.

"டீசல் எஞ்சினோ?"

"அண்ணை, எனக்கு இப்ப ஒரு எஞ்சினும் இல்லை. எடுத்தால் டீசலா எடுக்கிறன்."

"எடும். டீசல் எஞ்சின் பசிச்ச பிள்ளை மாதிரி. என்னத்தைக் குடுத்தாலும் தின்னும். ஆனால் சுடச்சுடக் குடுக்கவேணும்."

உன் அம்மா அடுப்படியிலிருந்து, "இஞ்சருங்கோ, பிள்ளைக்கே இன்னும் வைக்கேல்லை. முதல்ல அவனுக்குச் சுடச்சுடக் குடுப்பம்" என்றாள். அவள் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒஷாவாவுக்குப் போய், ஒரு தச்சுவேலைக்காரரிடமிருந்து பழைய டீசல் வான் ஒன்றை வாங்கி வந்துவிட்டோம். அதன் பக்கத்தில் ஏணி படம் போட்டிருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில நான் பள்ளிக்கூடம் போறதோ?" என்று கேட்டாய். நான் அதைக் கேள்வி என்றே எடுக்கவில்லை.

அந்த வானின் முறை உனக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தொட்டி. ஒன்றில் டீசல், பின்சீற்றுக்குக் கீழே இருந்த மற்றதில் வடித்த எண்ணெய். எஞ்சின் சுடுதண்ணீர் போகிற ஹோஸ் ஒன்றை ரத்தினம் அண்ணை எண்ணெய்த் தொட்டிக்குள் சுருட்டிவிட்டார், அதுதான் அடுப்பு. காலையில் டீசலில் எழுப்பவேண்டும். எஞ்சின் சூடானதும், டாஷ்போட்டுக்குக் கீழே இருந்த பித்தளை வால்வின் கைபிடியைக் கதவுப் பக்கம் திருப்பினால் எண்ணெய் வரும். வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி டீசலுக்குத் திருப்பவேண்டும். அப்போதுதான் குழாய்க்குள் நிற்கிற எண்ணெயை டீசல் கழுவும். மறந்து எண்ணெயோடு நிற்பாட்டினால், மாரிக் குளிரில் விடியும்போது குழாய் முழுக்க வாசலீன்தான். ஆண்டவனே வந்தாலும் எழும்பாது. டீசல் பக்கம் எது என்று எனக்கு அடிக்கடி மாறிப்போவதால், உன் அம்மா அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் படம் ஒட்டினாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் டீசல் என்ற சொல்லே இல்லை. சந்தியில் டோனட் கடையின் வெளிச்சம் தெரியும், அந்த இடத்தில் அவள் ஒரு தரமும் தவறாமல் சொல்வாள், "பிள்ளையாரிட்டத் திருப்புங்கோ." எனக்குக் காது கேட்கிறதோ இல்லையோ, கை திருப்பிவிடும்.

எண்ணெய் வடிக்கிறதுக்கு என்னுடைய வேட்டி. அதுவும் கோயிலுக்குக் கட்டுகிற எட்டு முழம். நல்ல நெருக்கமான நெசவு, ஒரு தூள் கீழே போகாது. உன் அம்மா அதைக் கண்ட அன்று ஒரு மணித்தியாலம் பேசினாள். "சாமி கும்பிடக் கட்டுற வேட்டியில மீன் பொரிச்ச எண்ணெயை வடிக்கிறியளே, உங்களுக்கு அறளை பேந்திட்டுதோ?" நான் சொன்னேன், "நீர் பேசாமல் இரும், வேட்டிக்கு மீனும் தெரியாது, சாமியும் தெரியாது." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவள் வானில் ஏற மறுத்துவிட்டாள். விரத நாள், புகைக்குழாயால் மீன் மணம் வருகிறது, அதில் ஏறிக் கோயிலுக்குப் போவதோ? அவள் பஸ்ஸில் போவாள். நான் பின்னால் வெறும் வானை ஓட்டிக்கொண்டு போவேன். சில நேரம் பஸ் தரிப்பில் அவள் நிற்க, நான் கண்ணாடியை இறக்கி, "இஞ்சரும், ஏறுமன்" என்று கெஞ்சுவேன். அவள் என்னைத் தெரியாதவள்போல நேரே பார்த்துக்கொண்டு நிற்பாள். சனம் என்னைப் பொறுக்கி என்று நினைத்திருக்கும்.

உனக்கு அந்த வான் செய்ததை நான் இவ்வளவு சிரிப்பாகச் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்தில் உனக்கு ஃப்ரைஸ், உருளைக்கிழங்குப் பொரியல், என்று பெயர் வைத்தார்கள். நீ என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாய். "அப்பா, ரெண்டு தெரு முன்னுக்கு இறக்கிவிடுங்கோ, நான் நடக்கிறன்." நான் அதைக் கலியாண வீடுகளில் பகிடியாகச் சொன்னேன். "எங்கட மகன் பெரிய துரை, வான் மணக்குதாம்." எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று நீயும் சிரித்தாய். ஸ்னோவுக்குள் இரண்டு தெரு நடக்கிற பிள்ளையின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நான் பார்க்கவில்லை. எனக்குச் சபை சிரித்தால் போதும். இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள், மகனே. பின்னால் இது பெரிய வேலை பார்த்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைப் பிரச்சினைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சைவ எண்ணெய். நம்முடைய சாப்பாட்டுக் கடைத் தேவனிடம் முதலில் கேட்டேன். அவன் கையை விரித்தான். "அண்ணை, என்ர தாச்சியில வடையும் மட்டன் ரோல்ஸும் ஒண்டாத்தான் குளிக்கும். பிரிக்க ஏலாது." அப்போதுதான் ஒரு கோயில் விருந்துச் சமையல்காரர் இரண்டு வாளி எண்ணெய் தந்தார். அப்பளமும் வடையும் மட்டும் பொரித்தது, மாமிச வாடையே படாதது. அள்ளிக்கொண்டு வந்து ஊற்றினேன். கார்த்திகை மாதம், பிக்கரிங்கில் கலியாணம், வெள்ளிக்கிழமை. உன் அம்மா முதல் தரமாக விரத நாளில் வானில் ஏறினாள், மாம்பழ நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு. பெருந்தெருவில் பாதி வழியில் வான் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பிள்ளையார் பக்கம் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. ரத்தினம் அண்ணை இன்னொருவரின் காரில் பின்னால் வந்து இறங்கி, பில்ரரைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகுதிரி. விரலால் தோண்டி மணந்து பார்த்தார்.

"உது தேங்காய் எண்ணெய் எல்லோ! ஐசே, தேங்காய் எண்ணெய் இந்தக் குளிருக்கு உறையும் எண்டு உமக்குத் தெரியாதோ?"

தெரியாதா? ஒவ்வொரு காலையும் உன் அம்மா தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நிறுத்தி உருக்குவதைப் பார்த்துக்கொண்டே பல் தீட்டுகிறவன் நான். இந்த நாட்டுக்கு அவள் வந்ததிலிருந்து ஏழு வருடமாகப் பார்க்கிறேன். அது தலைக்கு வைக்கிற எண்ணெய், இது வானுக்கு வைக்கிற எண்ணெய் என்று என் மூளை வேறு வேறு அறையில் வைத்திருந்தது. தொட்டிக்குள் சூட்டில் உருகினது, முன்னால் வருகிற வழியில் குளிர் பட்டு உறைந்துவிட்டது. நீயும் ரத்தினம் அண்ணையும் தள்ள, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, உன் அம்மா பெருந்தெருக் கரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. "என்ர தலைக்கு வைக்கிறதை வானுக்கு வைச்சிட்டார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். உனக்குப் பெண் பார்க்கும் காலம் வந்தால், நான் சாதகம் பார்க்கமாட்டேன். வான் நடுவழியில் நின்றால் சிரிப்பாளா என்று மட்டும் நீ பார்த்துக்கொள்.

அந்தக் கதை தேவனின் காதுக்குப் போனது. அடுத்த கிழமை அவனே கூப்பிட்டான். "அண்ணை, அக்காவுக்காக ஒண்டு செய்யிறன். வியாழக்கிழமைப் பின்னேரம் ஒரு தாச்சியில புது எண்ணெய் விட்டு வடை மட்டும் போடுறன். அந்த எண்ணெயை வந்து எடுங்கோ. தேங்காய் எண்ணெய் இல்லை, பயப்பிடாதேங்கோ." அதன் பிறகு வியாழன் பின்னேரம் ஆனால் வாளியோடு தேவனிடம் போவது என் வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய் என்று அதற்கு வீட்டில் பெயர். உன் அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைகளிலும் என் பக்கத்தில் இருந்து வந்தாள். அந்த இரண்டு வருடமும் நான் ஒரு ராசா.

பிறகு அவளுடைய நெஞ்சுக்குள் நீர் கட்டியது. தை மாதம், பதினான்கு நாள் ஆஸ்பத்திரி. நீ லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம். வகுப்பு முடிந்ததும் வானை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாய், அம்மா உன்னைக் கண்டதும் முதலில் கேட்பது, "பிள்ளையாரிட்டத் திருப்பினனியோ?" நீ கண்ணைச் சுழற்றிக்கொண்டு, "ஓமம்மா, ஓம்" என்பாய். பதின்மூன்றாம் நாள் ஒரு வியாழக்கிழமை. டொக்டர் வந்து நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அடுத்த நாள் உனக்கு ஏதோ பரீட்சை. நாலு மணிக்கு நீ வானில் தனியே வீட்டுக்கு வந்துவிட்டாய். நான் ஆறு மணிவரை அவளோடு இருந்துவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

விடியக்காலை டெலிபோன் வந்தது. உடனே வாருங்கள் என்றார்கள். வெளியே மூச்சு விட்டால் மூக்கு மயிர் உறைகிற குளிர். நான் வானுக்குள் ஏறித் திறப்பைத் திருப்பினேன். உறுமியது, எழும்பவில்லை. மறுபடி. மறுபடி. பற்றரி களைத்துக்கொண்டு போகிற சத்தம் உனக்கும் ஞாபகம் இருக்கும். குனிந்து வால்வைப் பார்த்தேன். கைபிடி கதவுப் பக்கம், எண்ணெயில் இருந்தது. நீ ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் செருப்புமாக ஓடி வந்தாய். அப்போது இருந்த வீட்டின் பக்கத்து அன்ரி ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேற்று நீ மாத்தேல்லையோ?"

"மாத்தினன் எண்டுதான் நினைக்கிறன் அப்பா..."

"நினைக்கிறியோ?"

இவ்வளவுதான் நான் கேட்டது. அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ செருப்புக் காலைப் பின்னுக்கு எடுத்துவைத்தாய். உனக்கு ஒரு புத்தி சொல்வதானால், மகனே, இதுதான்: செய்ததைச் செய்தேன் என்று சொல். யார் அதட்டினாலும், அப்பனே அதட்டினாலும், 'நினைக்கிறன்' என்று சொல்லாதே. அந்தச் சொல்லுக்குள் மற்றவன் தன் குற்றத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவான்.

டெலிபோனில் கூப்பிட்ட ரக்சி வர நாற்பது நிமிடம். நாங்கள் போகும்போது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள். தாதி ஒருத்தி, கால் மணித்தியாலத்துக்கு முதல்தான் என்றாள். உன் அம்மா கடைசியில் ஏதோ கேட்டாளாம். தமிழில் கேட்டதால் அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அந்தச் சொல் என்னவென்று நீயும் நானும் இந்த நாலு வருடத்தில் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

செத்தவீட்டில் சனம் என்னைச் சுற்றி நின்றது. "ஏன் அண்ணை, கடைசி நேரம் பிந்திப்போச்சாம்?" என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னேன், "தம்பி வானை டீசலுக்கு மாத்த மறந்திட்டான். பரவாயில்லை, சின்னப்பிள்ளைதானே. நான் ஒண்டும் சொல்லேல்லை." அதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு தன்மையாக இருந்தது! சபை உருகிவிட்டது. "பாவம், மனுசன் என்ன பொறுமை" என்று ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தாள். நீ பூமாலைகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாய். ஒரு மாலை கையில் இருக்க அப்படியே நின்றாய். பிறகு குனிந்து வைத்தாய். இங்கே கொள்ளி வைப்பது என்றால் ஒரு பட்டனை அழுத்துவது. அடுத்த நாள் அதற்கு முன்னால் நீ நின்றபோது உன் கை போகவே இல்லை. ஐயர் இரண்டு தரம் சொன்னார். உனக்குத் துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் உன் கையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். வால்வைத் திருப்பவில்லை என்று நான் பட்டம் கட்டிவிட்ட கை அது.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் ரத்தினம் அண்ணை வந்து, வானைத் தனக்குத் தரும்படி கேட்டார். நல்ல எஞ்சின், இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார். நான் இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன். "ஏன் தம்பி உப்பிடிச் செய்தனீர்?" என்று அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல். அவருக்குக் கொடுத்திருந்தால் அவர் பின்கதவைத் திறந்திருப்பார். பின்னால் இரண்டு வாளி இருந்தது.

இனிச் சுற்றிவளைக்க இடம் இல்லை, கடதாசியும் முடிகிறது. அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் எழும்பும்போது உன் அம்மா என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து மணந்து பார்த்தாள். மணந்துவிட்டுச் சொன்னாள், "நாளைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ. உந்த மீன் மணத்தோட வந்தியளெண்டால் நான் பஸ்ஸிலதான் வருவன், சொல்லிப்போட்டன்." சிரித்தாள். அந்த ஜக்கெற்றைத்தான் நான் தோய்க்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். நீ காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திப் படித்துக்கொண்டிருந்தாய். வான் திறப்பு ஆணியில் தொங்கியது. சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு தேவனிடம் போனேன். அவன் இரண்டு வாளி நிறைய வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்திருந்தான். அக்கா வரப்போகிறா என்று ஒரு பையில் சூடாக வடையும் தந்தான். திரும்பி வரும்போது நான் பாடிக்கொண்டு வந்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பாடினேன். டோனட் கடை வெளிச்சம் வந்தது, போனது. "பிள்ளையாரிட்டத் திருப்புங்கோ" என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. வாசலில் நிற்பாட்டி, வடைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாளைக்கு ஊற்றலாம் என்று வாளிகளை உள்ளேயே விட்டேன்.

விடியக்காலை உன்னை அதட்டும்போது இது எனக்கு ஞாபகம் இல்லை, அது சத்தியம். ரக்சிக்குள் ஞாபகம் வந்தது. அந்த டோனட் கடையைத் தாண்டும்போது வந்தது. முதல் நாள் பின்னேரம் நான் வானில் ஏறினபோது கைபிடி எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூட வந்தது. பிள்ளையாரின் தும்பிக்கையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நீ பக்கத்தில் இருந்து கையுறையைக் கடித்துக்கொண்டு வந்தாய். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பத்து நிமிடமும், அதற்குப் பிறகு சபை முன்னாலும், அதற்குப் பிறகு நாலு வருடமும் வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் விழுங்கின சொல் இதுதான். சபையில் உன்னைக் குற்றம் சொன்னதால், பத்திரிகையில் போட்டுச் சபையிலேயே சொல்லுகிறேன்.

நீ திருப்பினனி, ராசா. மறந்தது நான்தான்.

அப்பா